பதவி முடிந்த தலைவியும் காப்பு கட்டிய ஊரும்

பதவி போன பிறகுதான் எனக்கு வேலை ஜாஸ்தியானது.

எங்கள் ஊராட்சிக்கு ஒரு முறை தலைவராக இருந்தேன். கச்சிராயபாளையத்திலிருந்து மலையடிவாரம் போகிற பக்கத்தில், கரும்பையும் நெல்லையும் நம்பிப் பிழைக்கிற ஊர். பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. ஊராட்சியைப் பார்த்துக்கொள்ள ஒன்றிய அலுவலகத்தில் ஒரு தனி அலுவலரைப் போட்டார்கள். பிறகு மாவட்டத்தைப் பிரித்தார்கள்; தேர்தல் இன்னும் தள்ளிப்போனது. தனி அலுவலரோ ஒருத்தர், அவர் தலையில் ஏகப்பட்ட ஊர்கள். அவரைத் தேடி யார் பஸ் ஏறுவார்கள்? என் வீட்டுக் கதவு பக்கத்தில் இருந்தது. என்னிடம் சீல் கிடையாது, கையெழுத்துக்கு மதிப்புக் கிடையாது. ‘தலைவரம்மா’ என்ற பேர் மட்டும் சுரைக்கொடி மாதிரி என்மேல் படர்ந்து கிடந்தது.

“தலைவரம்மா, தண்ணி வர்ல.”

“பாக்கறேன்.”

“தலைவரம்மா, லைட்டு எரியல.”

“சொல்றேன்.”

இந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் நான் ஊராட்சி நடத்தினேன், பதவி இருந்தபோதும் இல்லாதபோதும். என் வீட்டுக்காரர் கேட்பார், “யாரப் பாப்ப, யாருக்கு சொல்லுவ? உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே.” அவர் சொல்வது சரிதான். ஆனால் வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொரோனா வந்ததும் எல்லாம் என் வாசலுக்கே வந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டை என் வீட்டில் இறங்கியது. கபசுரக் குடிநீர் என் வீட்டு அடுப்பில் கொதித்தது. முதல் வருஷத்தை எப்படியோ ஓட்டிவிட்டோம். ரோட்டில் முள் வெட்டிப் போட்டு, போலீஸ் வந்து அள்ளச் சொல்லி, அள்ளி, திரும்பவும் போட்டு ஓட்டினோம். இரண்டாவது வருஷம் எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. ஊருக்குப் பயமும் இல்லை. ஒரு கட்டு வெற்றிலைக்குக் கள்ளக்குறிச்சி வரை வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். போலீஸ் துரத்தினால் வரப்பில் இறங்கி வருவார்கள். மாஸ்க் போடச் சொன்னால், “மூச்சு முட்டுது தலைவரம்மா” என்பார்கள். ஆனால் பீடிக்கு மட்டும் மூச்சு முட்டாது.

இப்படி இருக்கும்போதுதான் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் கூடி, மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிடலாம் என்றார்கள். எங்கள் ஊரில் ஆடியில் திருவிழாவுக்குக் கட்டுவதுதான் காப்பு. பூசாரி கையில் மஞ்சள் கயிறு கட்டி, ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டிவிட்டால், கூழ் ஊற்றி, சாமி ஊர்வலம் வந்து, காப்பை அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. வெளியாள் உள்ளே வந்து தங்கவும் கூடாது. மீறினால் ஆத்தாளின் கோபம் மீறினவர் மேல் மட்டும் வராது, ஊர் மேலேயே இறங்கும். முன்னே அம்மை கண்ட காலத்தில் ஆடிக்குக் காத்திருக்காமல் இப்படிக் கட்டியிருக்கிறார்களாம். இப்போது வைகாசியிலேயே கட்டினார்கள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் மைக் வைத்த ஆட்டோவில் தொண்டை வறளக் கத்தியும் அடங்காத ஊர், ஒரு வேப்பிலைக் கொத்துக்கு அடங்கிவிட்டது. பகலில் போய்விட்டுப் பொழுதோடு திரும்பலாம் என்று முறை உண்டு. பயத்தில் அதையும் விட்டுவிட்டார்கள். தனி அலுவலர் போன் செய்தார்.

“உங்க ஊர் ஒண்ணுதான்மா ஒழுங்கா இருக்குது. இன்னா பண்ணீங்க?”

“நாங்க ஒண்ணும் பண்ணல சார். ஆத்தா பண்ணா.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது பிறகுதான் தெரிந்தது. நோய் தோரணத்துக்கு வெளியே இல்லை, முன்னமே உள்ளே வந்திருந்தது. காய்ச்சல் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார்கள். போனால் படுக்க வைப்பார்கள், படுத்தால் ராத்தங்கல், தங்கினால் ஊர்க்குற்றம். கசாயம் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசித் தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். மேளம் இல்லை, கட்டிப்பிடித்து அழ ஆள் இல்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும் யாரும் எல்லையைத் தாண்டவில்லை.

அடுத்து என் ஓரகத்திக்கு வந்தது. என் கொழுந்தனாரின் மனைவி. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் நாங்கள் பேசி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணம் ஒரு தெருக்குழாய். நான் தலைவராக இருந்தபோது தெருவுக்கு ஒரு குழாய் போட்டோம். அவள் தன் வாசலில் போடச் சொன்னாள். சொந்தக்காரி வாசலில் போட்டால் ஊர் என்னை நாறடித்துவிடும் என்று எதிர்வரிசையில் போட்டேன். “கூடப்பொறந்தவ மாதிரி இருக்கறவளுக்கே செய்யாதவ ஊருக்கு இன்னா செஞ்சி கிழிப்பா” என்று அவள் அதே குழாயடியில் நின்று சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை, என் பங்குக்குச் சொன்னேன். அத்தோடு பேச்சு நின்றது.

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவள் இருமுவது எனக்குக் கேட்டது. இரண்டு நாள் கேட்டது. மூன்றாம் நாள் கிராம செவிலியர் வந்து விரலில் மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, அவள் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் நேரே என்னிடம் வந்தார்.

“ஆக்சிஜன் ரொம்ப கம்மியா காட்டுதுக்கா. இன்னிக்கே கொண்டு போவணும். நாளைக்கின்னா நான் சொல்ல முடியாது. அவங்க வர மாட்டேங்கறாங்க, நீங்க சொல்லுங்க.”

நான் சொன்னால் கேட்கிறவளா அவள்? இருந்தாலும் போனேன். பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லையாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் காற்றுக்காக நின்றாள்.

“இத்தினி நாள் கழிச்சி வந்துகிற.”

“அப்புறம் திட்டு. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்.”

“நான் வர்லக்கா. நான் போய் அங்க படுத்து, நாளைக்கு ஊர்ல ஒரு பச்சப்புள்ளைக்கு எதனா ஆச்சின்னா... எம்பேரத்தான் சொல்வாங்க. எம்பொண்ணு இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க வேணாமா?”

சாகிற பயம் அவளுக்கு இல்லை. பேருக்குத்தான் பயந்தாள். கொழுந்தனார் வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

கோயிலுக்குப் போனேன். காப்பை அவிழ்த்துவிடுங்கள் என்று பூசாரியிடம் கேட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று சும்மாவா சொன்னார்கள்.

“கூழு ஊத்தாம, சாமி ஊர் சுத்தாம எப்பிடிம்மா அவுக்கறது?”

“சரி, ஊத்துங்க.”

“கூட்டம் கூடக்கூடாதுன்னு உன் கெவர்மெண்ட்டுதான சொல்லுது.”

தனி அலுவலருக்குப் போன் போட்டேன். கூழும் கூடாது, ஊர்வலமும் கூடாது என்று அவர் முடிவாகச் சொன்னார். அவர் மேல் தப்பு இல்லை. பூசாரி மேலும் தப்பு இல்லை. இரண்டு பேரும் அவரவர் சட்டத்தைச் சொன்னார்கள். நடுவில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

கோயிலைச் சுற்றி ஆட்கள் தள்ளித் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“தண்ணி வரலன்னா யாரத் திட்டறீங்க? என்னத்தான். லைட்டு எரியலன்னாலும் என்னத்தான். மழ பேயலன்னா கூட நான் தலைவரான நேரம்னு சொன்னீங்க. ஆத்தா கோவத்தையும் எம்பேர்லயே எழுதிக்குங்க. காப்ப மீறினது நான். அவ வர மாட்டேன்னுதான் சொல்றா, நான்தான் இழுத்துக்கினு போறேன். எது நடந்தாலும் தலைவரம்மா பண்ணதுன்னு சொல்லுங்க, உங்களுக்குத்தான் பழக்கமாச்சே.”

பூசாரி குங்குமம் எடுத்து என் நெற்றியில் வைத்தார். போ என்றா, உன் தலையெழுத்து என்றா, எனக்குத் தெரியவில்லை.

நூற்றியெட்டில் வண்டி எதுவும் காலியில்லை. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வருகிற ஜீப்காரர் ஒருவரைச் செவிலியர்தான் பிடித்தார். ஜீப் தோரணத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. “காப்பு கட்டின ஊருக்குள்ள வர மாட்டேன் தாயி. நீங்க கொண்டாந்து உடுங்க, நான் கொண்டு போறேன்” என்றார். மலையில் அவர்களுக்கும் இதே முறைதான். ஓரகத்தியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் கொழுந்தனாரும் தூக்கினோம். ஊரே கதவிடுக்கில் நின்று பார்த்தது. தோரணத்துக்குக் கிட்டே வந்ததும் அவள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் முதலில் காலை வெளியே வைத்தேன்.

“பாத்துக்க. நான்தான் முன்ன தாண்டினேன்” என்றேன்.

கொழுந்தனாரை மகளோடு இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. யாரையும் குறை சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்கள் முகத்தில் என் முகத்தை விடக் களைப்பு இருந்தது. காத்திருந்து காத்திருந்து, பொழுது சாய்கிற நேரத்தில் அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. ஊரிலிருந்து ஒருவர். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“தலைவரம்மா, டேங்க்ல மோட்டார் ஓடல.”

“சொல்றேன்” என்றேன்.

மறுநாளே இன்னொரு ஜீப் வந்தது, பிறகு ஒரு ஆட்டோ. எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள். மூச்சுத் திணறலை வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்தவர்கள். ஒருத்தரிடம் கேட்டேன், இப்போது மட்டும் எப்படி வந்தீர்கள் என்று. “குத்தம் நீங்க பண்ணிட்டீங்களே. அந்தக் குத்தத்துலயே நாங்களும் வந்துட்டோம்” என்றார். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வந்தவர்களில் சிலர் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. திரும்பாதவர்கள் வீட்டில் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எழுதிக்கொள்ளச் சொன்னவள் நான்தானே.

ஓரகத்தி பிழைத்துக்கொண்டாள். ஆனால் ராத்தங்கிய நாங்கள், காப்பு அவிழ்க்காமல் ஊருக்குள் போக முடியாது. எல்லைக்கு வெளியே எங்கள் கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டாய் இருக்கிறது. இரண்டு பேரும் அங்கே தங்கினோம்; பிழைத்து வந்த மற்றவர்களும் அவரவர் கொல்லையில்தான் கிடந்தார்கள். கொழுந்தனார் சோற்றை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். ஐந்து வருஷம் பேசாதவர்கள் ஒரு கட்டில் அகலத்துக்குள் கிடந்தோம். முதலில் குழாயைப் பற்றித்தான் பேசினோம். நன்றாகச் சண்டை போட்டோம். அவளுக்கு இரைக்கும், நான் நிறுத்துவேன். இரைப்பு அடங்கியதும் அவளே ஆரம்பிப்பாள். அப்புறம் பேச வேறு விஷயங்களும் வந்தன. பகலெல்லாம் தோரணத்துக்கு அந்தப் பக்கம் யாராவது வந்து நின்று கூப்பிடுவார்கள். ரேஷனில் அரிசி வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தடுப்பூசி எப்போது. நான் பாக்கறேன், சொல்றேன் என்று கத்துவேன். மத்தியானத்தில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவேன். கெடுபிடி தளர்ந்ததும், பூசாரி நாலைந்து பேரை வைத்துக் கூழ் ஊற்றிக் காப்பை அவிழ்த்தார். வீட்டுக்கு வந்தோம்.

மழைக்காலம் தொடங்கும்போது தேர்தல் வந்தது. எனக்கு நிற்க ஆசையில்லை. ஊர் விடவில்லை. “நீங்க இல்லாம யாரு?” என்றார்கள். நின்றேன். உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு செய்தவளைத் தோற்கடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். தோற்கடித்தார்கள். அதுவும் கொஞ்ச ஓட்டில் இல்லை. எங்கள் தெரு ஓட்டே எனக்கு விழவில்லை. நன்றி கெட்ட ஊர் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டேன். அவமானமாக இருந்தது.

சாயங்காலம் ஓரகத்தி தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். இன்னும் படியேறினால் அவளுக்கு இரைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்:

“நான்தான்க்கா வூடு வூடா போய் சொன்னேன், உனக்கு ஓட்டு போடாதீங்கன்னு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னும் அந்தக் கொழாய நீ மறக்கலியா?”

“கொழாய்க்கி இல்லக்கா. கொட்டாயில நீ தூங்கறப்ப நான் முழிச்சிக்கினு இருப்பேன். தூக்கத்துல கூட நீ ‘பாக்கறேன், சொல்றேன்’னு பதில் சொல்லிக்கினே இருந்த. என்னத் தூக்கிக்கினு போய் பொழைக்க வெச்சவ நீ. உன்ன பொழைக்க வைக்க எனக்கு வேற வழி தெரியல.”

அவளைத் திட்ட வாயெடுத்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள். வெளியே வாசலில் யாரோ, “தலைவரம்மா” என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

“அவங்க சாப்பிடறாங்க.”