பாதியில் நின்ற சம்மட்டி

நாடு சுதந்திரம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்போது நான் விருதுநகரில் ஒரு மிளகாய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால், சாப்பிட எழுந்திருக்கக்கூட மனசு வராது. படுக்கும்போது இருந்த அசதி விடியும்போதும் அப்படியே இருக்கும். இப்படியே இன்னும் எத்தனை வருஷம் என்று நினைத்தால் பயமாக இருக்கும்.

நான் சிலம்பம் பழகப் போனதற்கு அந்த அசதிதான் காரணம். வீரம் காட்டுகிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. கம்பு சுற்றுகிறவர்கள் தம் கட்டுவது என்று ஒன்று பழகுவார்கள். மூச்சை மெல்ல அடிவயிறு வரைக்கும் இழுத்து, அங்கேயே நிறுத்திவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. விடாமல் பழகினால் உடம்புக்குள் ஒரு பலம் சேரும், அது சேர்ந்தவனுக்குக் களைப்பே தெரியாது என்று சொன்னார்கள். களைப்பே தெரியாது என்ற அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் என் ஜோடி. அவனும் என் வயதுதான். கிட்டங்கியில் மூட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, வீசி, தலைக்கு மேலே அடுக்கியிருக்கிற மூட்டை அட்டியில் ஏற்ற வேண்டும். அப்படிச் சேர்ந்து தூக்குகிற இருவரைத்தான் ஜோடி என்போம். மிளகாய் மூட்டையில் ஓர் ஆபத்து உண்டு. நெடி ஏறி ஒருவன் இருமிவிட்டால் கை தளர்ந்து, மூட்டை மற்றவன் மேல் சாயும். அதனால் தூக்கும்போது எங்கள் கண் மூட்டையில் இருக்காது, எதிரில் நிற்பவனின் தொண்டைக்குழியில் இருக்கும். இருமல் வருவதற்குச் சற்று முன்னால் அந்தக் குழி ஒருமுறை உள்ளே இழுத்துத் துடிக்கும். துடித்தால் மூட்டையை அப்படியே கீழே விட்டுவிட்டு விலகிக்கொள்ள வேண்டியதுதான். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஒன்றிரண்டு மூட்டை மேலே விழுந்தால் தானாக வந்துவிடும்.

விடிந்தும் விடியாமலும் கண்மாய்க் கரையில் போய் உட்காருவோம். அவன் தம் கட்டினால் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டான். நான் கண்ணை மூடியதும் தூங்கிப்போவேன்.

"ஏலே, தம்மக் கட்டச் சொன்னா கொறட்டையக் கட்டுறியே!" என்று விலாவில் குத்துவான்.

வீட்டிலும் நல்ல பேர்தான். "பகல் பூரா மூட்டைக்குத் தம் பிடிக்கீக. காலங்காத்தால சும்மா ஒக்காந்தும் தம் பிடிக்கணுமாக்கும்? அந்த நேரம் ரெண்டு கொடம் தண்ணியாவது எடுத்தாரலாம்ல?" என்பாள் என் மனைவி. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஆனாலும் விடாமல் போனேன். நாள் போகப் போக மூச்சு என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அடிவயிறு பலகை மாதிரி இறுகியது. மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடிப்பது குறைந்தது. களைப்பு மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அது போகாவிட்டாலும், எனக்குள் என்னமோ சேர்ந்துவிட்டது என்று ஒரு திமிர் வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு எங்கள் தெருச் சிலம்பக் கூட்டம் கல் உடைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. ஒருவன் தரையில் மல்லாந்து படுத்துத் தம் கட்டுவான். நெஞ்சில் கோணியை மடித்துப் போட்டு, அதன் மேல் கருங்கல் பலகையை ஏற்றுவார்கள். இன்னொருவன் சம்மட்டியால் ஒரே போடாகப் போட்டு அதை உடைப்பான். தம் நிற்கிறவரை நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. தம் உடைகிற நேரத்தில் அடி இறங்கினால் விலா நொறுங்கிவிடும். வழக்கமாகப் படுப்பவர் சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால், அகன்ற நெஞ்சுக்காரன் என்று என்னைப் பிடித்தார்கள். சம்மட்டியை என் ஜோடி எடுத்துக்கொண்டான். சின்னக் கல்லாக வைத்துப் பழகிப் பார்த்தோம். சரியாகவே வந்தது.

பங்குனியில்தான் மிளகாய் சீசனும் உச்சத்தில் இருக்கும். திருவிழா முடிகிறவரை மிளகாய்ப் பக்கமே போகக் கூடாது என்று என் ஜோடி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மேஸ்திரியிடம் கெஞ்சி இருவரும் உளுந்துக் கிட்டங்கிக்கு மாறிக்கொண்டோம். உளுந்துத் தூசி மூக்கைத்தான் அரிக்கும், நெஞ்சுக்குள் இறங்காது.

கல் உடைக்கிற அன்றைக்குக் காலையில் ரயிலடியில் அவசர மிளகாய் லோடு ஒன்று வந்து நின்றது. திருவிழா நாள், ஆள் இல்லை. என் ஜோடி கல் எடுத்துவரப் போயிருந்தான். மேஸ்திரி என்னைத்தான் பார்த்தார். "அஞ்சாறு நடைதான், வந்துட்டுப் போயிருப்பா" என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ, நான்தான் தம் கட்டப் பழகியவனாயிற்றே, வெளியே மூச்சை இழுத்துக்கொண்டு கிட்டங்கிக்குள் போய், மூட்டையை இறக்கிவிட்டு, வெளியே வந்து மூச்சை விட்டால் போயிற்று என்று தோன்றியது.

மிளகாயில் வேலை செய்கிற எல்லோரும் மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவார்கள், சுடுகஞ்சியை உறிஞ்சிக் குடிப்பது போலச் சின்னச் சின்னதாக. அப்படி விட்டால் நெடி தொண்டையோடு நின்றுவிடும். நான் செய்தது அதற்கு நேர்மாறு. உள்ளே ஒரு மூட்டை பிரிந்து கொட்டியதில் சற்றுத் தாமதமாகி, அடக்கிய மூச்சு அங்கேயே தீர்ந்துபோனது. அடுத்த மூச்சு, மாதக்கணக்கில் பழக்கிவைத்தபடியே, அடிவயிறு வரைக்கும் இறங்கியது. அதோடு நெடியும் இறங்கியது. வெளியே ஓடிவந்து கண்ணில் நீர் வழிய இருமித் தீர்த்தேன். மோர் குடித்தேன், வெல்லம் தின்றேன். மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டது. அடங்கியே விட்டது என்று நானும் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம், பொழுது சாய்வதற்குள், கோயிலுக்குப் போகிற பாதையில் கூட்டம் வட்டம் கட்டி நின்றது. கொட்டு முழங்கியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி முன்வரிசையில் நின்றாள். படுத்தேன், தம் கட்டினேன். நாலு பேர் கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்தார்கள். என் ஜோடி என் கண்ணைப் பார்த்தான். நான் இமையை மூடித் திறந்தேன். அடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அவன் சம்மட்டியை ஓங்கினான்.

அந்த நேரம் பார்த்து நெஞ்சின் அடியில் எங்கோ ஒரு மிளகாய் விதை உறுத்துவது போல் இருந்தது. கையைத் தூக்கலாம் என்றால், என் கை இரண்டும் கல்லின் ஓரத்தைப் பிடித்திருக்கின்றன. வாயைத் திறந்தால் தம் போய்விடும். சம்மட்டி இறங்கத் தொடங்கிவிட்டது. அவ்வளவுதான், செத்தோம் என்று நினைத்தேன். குழந்தையின் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

அடி விழவில்லை. கல்லுக்கு ஒரு சாண் மேலே சம்மட்டி நின்றது. அவனுடைய கை நரம்பெல்லாம் புடைத்து நடுங்கியதைக் கீழேயிருந்து பார்த்தேன். அவன் தோளில் ஏதோ பிசகுகிற சத்தம், அந்தக் கொட்டு முழக்கத்திலும் எனக்குக் கேட்டது. சம்மட்டியை அப்படியே ஒரு பக்கமாகத் திருப்பி மண்ணில் போட்டுவிட்டு, முழங்காலில் சரிந்தான்.

"கல்ல எடுங்கலே! மொதல்ல கல்ல எடுங்க!" என்று கத்தினான்.

எடுத்தார்கள். அதற்கப்புறம் நான் இருமிய இருமலில் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? கூட்டம் முழுக்க அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சம்மட்டியை ஓங்கிவிட்டுப் பயந்துபோனான் என்று ஒரே ஊளை. என் மனைவி மட்டும் ஓடிவந்து என் முதுகைத் தடவினாள்.

எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் எனக்கு அழுகை நிற்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ஒன் தொண்டக்குழி துடிச்சுச்சு. மூட்டைன்னா கீழ விட்டுட்டு வெலகிருப்பேன். இத எங்கன விட? ஒன் மேலதான விழும்? அதான் பிடிச்சேன்," என்றான். கொஞ்ச தூரம் போனதும், "காலையில மிளகாய்க்குள்ள போனியோ?" என்றான். தலையாட்டினேன்.

நடந்ததைத் தெருவில் ஒருவர் விடாமல் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. இருமல் வரப்போவதை இருமுவதற்கு முன்னாலேயே ஒருவன் பார்த்தான் என்றால் யார் நம்புவார்கள்? "நீ ஒன் ஜோடிய விட்டுக்குடுக்க மாட்டப்பா" என்று எனக்குத்தான் நல்ல பேர் கொடுத்தார்கள். அவனைக் கண்டால், "என்ன, சம்மட்டி சௌக்கியமா?" என்று கேட்பது ரொம்ப நாள் வரைக்கும் ஊருக்கு ஒரு பொழுதுபோக்கு. அவனும் சிரித்துக்கொண்டே, "சௌக்கியம், சௌக்கியம்" என்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வலது தோள் கூடிவந்தது. ஆனால் தலைக்கு மேலே தூக்குகிற பலம் அதற்குத் திரும்பவே இல்லை. அதே கிட்டங்கியில் ஒரு மூலையில் உட்கார்ந்து கோணி தைக்கிற வேலைக்குப் போனான். எனக்கு வேறொரு ஜோடி வந்தான். அவனோடு பல வருஷம் மூட்டை தூக்கினேன். ஒவ்வொரு மூட்டைக்கும் இந்த ஆள் என் தொண்டையைப் பார்க்கிறானா என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

கல்லுக்கு அடியில் மறுபடி நான் படுக்கவில்லை. கண்மாய்க் கரைக்கு மட்டும் இருவரும் தொடர்ந்து போனோம். அவன் பழையபடி அசையாமல் உட்கார்ந்திருப்பான். நான் பழையபடி தூங்கி விழுவேன். அவன் இடது கையால் குத்தி எழுப்புவான்.

வயதாகிவிட்டது. அன்றைய அசதி இன்றைக்கும் கூடவே இருக்கிறது, அதற்கு மருந்து எந்த மூச்சிலும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஆனால் தம் கட்டினால் உள்ளே பலம் சேருமா என்று யாராவது கேட்டால், சேரும் என்றுதான் சொல்கிறேன்; என் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே அந்தச் சம்மட்டியைத் தாங்கி நின்ற கையில் அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.