அப்பாவிடம் கேட்காத ஒன்பது நாள்

கிட்வாய் நகர்க் குடியிருப்பில் கௌதமனுக்கு ஆதாரம் கேட்கிறவர் என்று பெயர். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் எதற்கு என்று நின்று கேட்பார். ராகு காலம் முடியட்டும் என்று கோப்பைத் தள்ளி வைக்கும் மேலதிகாரியையும் விட மாட்டார். நாமக்கல் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த அப்பாவிடமிருந்து வந்த குணம் அது. டெல்லிக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியும் கொஞ்சமும் குறையவில்லை.

மகள் எழில் பிறந்தபோது மனைவி தமிழ்செல்விக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிரசவம். அவளால் குனிய முடியவில்லை. "குளிப்பாட்டறது பொம்பளை வேலைன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, குளியலறைத் தரையில் காலை நீட்டிக் கௌதமனே உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருந்து அக்கா அம்சவேணி வீடியோ காலில் பாடம் எடுத்தார்.

"தலையைத் தாங்கிப் புடி, சாமி."

"சாமின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி சாமி, கூப்பிடலை. முதுகுல தண்ணி ஊத்து."

இரண்டே வாரத்தில் கை தேர்ந்துவிட்டது. வேலைக்குப் போகும் முன் மகளைக் குளிப்பாட்டித் துவட்டித் தாயின் மடியில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

நான்காம் மாதம் இருமல் வந்தது. ஒரு வாரத்தில் குழந்தை மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். நிமோனியா என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். ஒன்பது நாளாகியும் ஆக்சிஜன் குழாயை எடுக்க முடியவில்லை.

வார்டுக்குள் தாய்க்கு மட்டுமே அனுமதி. "பையா, சிர்ஃப் மம்மி" என்று காவலாளி கையை நீட்டி மறித்துவிடுவார். தகப்பன்மார்கள் இரும்புக் கதவுக்கு வெளியே டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்க வேண்டியதுதான். அங்கேதான் அலுவலக நண்பர் கல்யாணராமன் விபூதிப் பொட்டலத்தோடு வந்தார்.

"பாக்கெட்டுல வெச்சுக்கோங்கோ. நம்பிக்கை இல்லேன்னாலும் கெடுதல் ஒண்ணும் இல்லையே."

"கெடுதல் இல்லைன்னு யார் சார் சோதிச்சுப் பார்த்தாங்க?"

கல்யாணராமன் கோபித்துக்கொள்ளாமல் இரண்டு சப்பாத்தியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் தமிழ்செல்வி கதவருகே வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"படுத்துக்கிட்டே பால் குடுத்திருக்கே, அதான் நெஞ்சுக்குள்ள போயிருச்சுன்னு அந்தச் சின்ன டாக்டர் எல்லார் முன்னாடியும் கத்தறாருங்க. படிச்சவதானே நீன்னு கேக்கறாரு. ஒரு நாள்கூட நான் அப்படிக் குடுத்ததில்லைங்க. நாளைக்கு நெஞ்சைத் திறந்து, நுரையீரல்ல துண்டு எடுத்துப் பார்க்கணுமாம்."

கௌதமன் டிபன் டப்பாவைக் கீழே வைத்தார். காவலாளியின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனார்.

பெரிய டாக்டர் ஜ்யோத்ஸ்னா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். மேசையில் ஸ்கேன் படத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது நாளா என் சம்சாரத்தையே விசாரிக்கறீங்க. பால் எப்படிக் குடுத்தே, துணி எப்படித் துவைச்சே, எல்லாம் அவகிட்டத்தான். பெத்தவன் நான் ஒருத்தன் வெளியே நிக்கறேன். என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களா?"

"அச்சா, இப்போ கேக்கறேன். பேபிக்கு நீங்க என்ன பண்றேள்?"

"எல்லாம் நான்தாங்க பண்றேன்! குளிப்பாட்டறது, துவட்டறது, மூக்கைச் சுத்தம் பண்றது..."

"மூக்கா? எப்படிச் சுத்தம் பண்றேள்?"

"விளக்கெண்ணெய். பக்கத்துக்கு ரெண்டு சொட்டு விட்டு லேசா ஊதிவிடுவேன். சளி கட்டாது."

டாக்டர் ஸ்கேனிலிருந்து நிமிர்ந்தார். "டெய்லியா? எப்போலேருந்து?"

"பொறந்த பதினஞ்சாம் நாள்லேருந்து."

டாக்டர் ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இங்கே கொழுப்பு மாதிரி ஒரு ஷேடோ. ரெண்டு நாளா எனக்குப் புரியலை. இது எண்ணெய். எண்ணெய் உள்ளே போறச்சே புரையேறாது, உடனே இருமலும் வராது. அப்படியே இறங்கி நுரையீரல்ல தங்கிடும்."

"அது மருந்துதாங்களே..."

"யார் சொன்னா?"

சண்டை போட வந்த கௌதமன் ஸ்கேன் படத்தை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

குழந்தைக்கு ஒன்று என்றால் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவள் தாய்தான். படித்த டாக்டரும் படிக்காத காவலாளியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. தகப்பனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதைப் பலர் அவனுக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது அவனுக்குக் கிடைக்கும் சலுகை. அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தச் சலுகைக்கு ஒரு நாலு மாதக் குழந்தையின் நெஞ்சு அறுபட இருந்தது.

கௌதமன் நேராக வார்டுக்குப் போனார். பத்துப் பதினைந்து தாய்மார்கள் இருந்தார்கள். அந்தச் சின்ன டாக்டரும் இருந்தார். எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே, உரத்த குரலில் சொன்னார். தவறு என் மனைவியுடையது அல்ல. மூக்கில் எண்ணெய் விட்டவன் நான். சின்ன டாக்டர் தரையைப் பார்த்தார். தமிழ்செல்வி மட்டும் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெஞ்சைத் திறக்கவில்லை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு உப்புநீரால் கழுவினார்கள். வெளியே வந்த நீரின் மேல் எண்ணெய் மிதந்தது. நாலு நாள் கழித்து மறுபடி கழுவினார்கள். பதினாறாம் நாள் ஆக்சிஜன் குழாயை எடுத்தார்கள். கன்னத்தில் பிளாஸ்திரித் தழும்போடு எழில் தானாகவே மூச்சு விட்டாள்.

அன்று சாயங்காலம்தான் தமிழ்செல்வி எண்ணெய்ப் பேச்சை எடுத்தாள். "ராகு காலம் பார்க்கறவங்களோட எல்லாம் மல்லுக்கு நின்னீங்க. அந்த எண்ணெய் பாட்டிலை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"அக்கா சொன்னதாச்சேன்னு..."

"நல்லவேளை, அக்கா அதோட நிறுத்தினாங்க" என்றாள். சேர்த்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வேண்டும். நுரையீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றார் டாக்டர். சரோஜினி நகர்க் கடைத்தெரு நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. குழந்தை மடியில் தூங்கியது. தமிழ்செல்வியும் கௌதமனின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

குடியிருப்பு வாசலில் ஆட்டோ நின்றது. கௌதமன் இறங்கவில்லை. ஓட்டுநரிடம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"பையா, காலனியை இன்னொரு சுத்து சுத்தி வாங்க. ஜல்தி வேண்டாம்."