கமறாத மிளகாய்

வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் நான் வைத்த மிளகாய்ச் செடிகளுக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர்தான் பாசனம். முதல் பறிப்பு ஒழுங்காக வந்தது. மில்லில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் பெரிய பண்ணையக்காரன் மாதிரி பேசித் திரிந்தேன். அடுத்த பறிப்பில் என் பண்ணையம் சந்தி சிரித்தது. இலைகள் சுருண்டன. காய்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, சிலது கொக்கி போல, சிலது இரட்டை மூக்கோடு வந்தன.

"இதென்ன தம்பி, உன்ற மூஞ்சியப் பாத்துக் காய்ச்சுதா?" என்றாள் அக்கா. புருஷனை இழந்து எங்களோடு இருந்தவள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான்.

"என்ற மூஞ்சி இத்தன கோணலா இருந்தா எனக்கு யாராச்சும் பொண்ணு குடுத்திருப்பாங்களாக்கா?"

"இருட்டுல பாத்துப்போட்டுக் குடுத்தாங்க," என்று அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அதற்குள் நையாண்டியில் என்னை மிஞ்சிவிட்டாள்.

அக்கா எதையும் வீணாக்கமாட்டாள். கோணல் காய்களைக் காயவைத்து ஒரு சட்டியில் தனியாக எடுத்து வைத்தாள். "கொழம்புக்கு ஆகாது. கண்ணு சுத்திப் போட ஆகும். நெருப்புல போடறதுக்கு எதுக்கு நல்ல மொளகா?"

வரமிளகாயையும் உப்பையும் கையில் வைத்து ஆளைச் சுற்றி அடுப்பில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீடு கமறி எல்லாரும் இருமினால் கண்ணேறு இல்லை. நெடியே வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. வரும்வரை சுற்ற வேண்டும்.

ஐப்பசி மழையில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. அக்கா சட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். வெண்டைக்காய் தீய்ந்தது போல ஒரு வாசம். யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று.

"எந்தப் பாவி கண்ணோ, இப்படி எறங்கீருக்குது!"

மறுநாளும் சுற்றினாள். அதற்கு மறுநாளும். காய்ச்சல் இறங்கவில்லை, நெடியும் வரவில்லை.

"பெரியாஸ்பத்திரிக்குப் போலாமுங்கக்கா," என்றேன்.

"கண்ணு கழியாம மருந்து குடுத்தா ஒடம்பு ஏத்துக்காது கண்ணு. கமறட்டும், அப்பவே வண்டி கட்டலாம்."

மனைவியும் பாயில் கிடந்தபடி தலையசைத்தாள். இரண்டு பெண்களை எதிர்த்துப் பேசும் வீரம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. அவளுக்கு நாக்கு வறண்டு பேச்சுக் குழற ஆரம்பித்த அன்று, சட்டியிலிருந்து ஒரு கோணல் மிளகாயை எடுத்துச் சும்மா ஒடித்தேன். உள்ளே ஒரு விதை இல்லை. மென்று பார்த்தேன். வைக்கோல் தின்ற மாதிரி இருந்தது. கடைக்கு ஓடி ஒரு பிடி வரமிளகாய் வாங்கி வந்து, யாரையும் சுற்றாமல், அப்படியே அடுப்பில் கொட்டினேன். சந்து முழுக்க இருமியது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"பாத்தீங்களாக்கா? கண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நம்ம மொளகாயிலதான் காரமில்ல!"

அக்கா கண்ணும் மூக்கும் ஒழுக, கைகூப்பி நின்றாள். "கழிஞ்சுபோச்சு சாமி! இன்னைக்குத்தான் கழிஞ்சுது!"

"நான் சுத்தவே இல்லியேக்கா!"

"சுத்தாமயே கழிஞ்சிருக்குதுன்னா பாத்துக்கோ!"

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒன்றை நிரூபிக்கப் புறப்பட்டேன். அதிலும் எதிர்க்கட்சிதான் ஜெயித்தது.

"ஏனுங்க," என்றாள் மனைவி, மூச்சு வாங்க. "அதான் கமறீருச்சுல்லங்க. வண்டி கட்டுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறு ஊர்க்காரர். அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. "டைபாய்டு முத்திக் குடல் புண்ணாயிருக்கு. இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மொளகா கமறட்டும்னு இருந்தமுங்க," என்றாள் அக்கா, மரியாதையாக.

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் வாய் இது. "ஆமாங்க," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் உச்சிப்பொழுதில் அவள் போய்விட்டாள்.

"கண்ணெல்லாம் கழிஞ்சு, சுத்தமாத்தான் போனா எம்பட அம்மணி," என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொல்லி அழுதாள். அவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமென்று தலையாட்டினேன்.