நண்டு அக்காவின் கால்விரல்கள்

புது ஷூ கைக்கு வந்ததும் நண்டு அக்கா அதைக் காலில் மாட்டமாட்டாள். கவிழ்த்துப் பிடித்து, சோலின் பற்களுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்துவாள். நகம் போட்ட பள்ளம் எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்ப்பாள். முகர்ந்து பார்ப்பாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதனிடம் மெதுவாகச் சொல்லுவாள்: "கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க."

புது ஷூவுக்கு எப்போதும் 'வாங்க, போங்க'தான். பத்து நாள் சரளையிலும் சேற்றிலும் ஓடி, அவளைக் கீழே போடாமல் கொண்டுவந்து சேர்த்த பிறகே 'வாடா, போடா'. சில ஷூக்கள் கடைசிவரை மரியாதையோடு இருந்து குப்பைக்குப் போயிருக்கின்றன.

மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்கு ஷூ செய்யும் தொழிற்சாலை அது. பின்வாசலைத் திறந்தால் குன்று. புது மாதிரிகளைப் போட்டுக்கொண்டு அந்தக் குன்றைச் சுற்றி ஓடி, எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்று எழுதித் தருவது அவள் வேலை. அவளையும் சேர்த்து நான்கு பேர். நால்வரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு மாதிரி பெட்டிக்குள் போகும். ஒருவர் மாட்டேன் என்றாலும் ரப்பர் பிரிவுக்குத் திரும்பிவிடும்.

மற்ற மூவரும் இருபது நிமிடத்தில் முடிக்கிற சுற்றை அவள் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிப்பாள். இறக்கத்தில் உடம்பை ஒருக்களித்து, ஒரு கையை மலைப்பக்கம் நீட்டிக்கொண்டு இறங்குவாள். நண்டு என்ற பெயர் அப்படி வந்தது. நாற்பத்திரண்டு வயதாகிறது, ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறியதில்லை. சாலையைக் கடக்க வேண்டுமென்றால், கைக்குழந்தையோடு கடக்கிற யாராவது வரும்வரை நின்று அவர்களோடு ஒட்டிக்கொள்வாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியை இந்த வேலையில் வைத்திருப்பதற்குக் காரணம் அவளுடைய கால்விரல்கள். கால் வழுக்குவதற்கு ஒரு நொடி முன்பே அவை ஷூவுக்குள் மடங்கிக்கொள்ளும். அவள் மடக்குவதில்லை, தாமாக மடங்கும். எத்தனை முறை மடங்கின என்று எண்ணிக்கொண்டே ஓடுவாள். 'சரளை இரண்டு. வேர் ஒன்று. ஓடை மூன்று. பலகை ஐந்து.' அவள் எழுதித் தரும் அறிக்கை அவ்வளவுதான். அதைப் பார்த்தே ரப்பர் பிரிவில் கலவையை மாற்றுவார்கள்.

பலகை என்பது குன்றின் கடைசி இறக்கத்தில் சரிந்து கிடக்கும் வழவழப்பான பாறை. அதன்மேல் எந்நேரமும் மெல்லிய படலமாகத் தண்ணீர் வழியும், ஓரமெல்லாம் பாசி. இடப்பக்கம் இரண்டு ஆள் உயரப் பள்ளம், அடியில் கூரான கற்கள். காத்து என்று அழைக்கப்படும் இன்னொரு ஓட்டக்காரன் பலகையை நான்கே தாவலில் கடப்பான். முப்பது வயதுக்காரன், பயம் என்றால் என்னவென்று கேட்பவன்.

"கால் பாறையில பட்டாத்தானேக்கா வழுக்கும்? நான் படவே விடமாட்டேன்ல!"

"அப்ப அந்த ஷூவைப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பலகையில்தான் அவள் விழுந்தாள். ஷூமேல் தப்பில்லை, மேலிருந்து உருண்டு வந்திருந்த கல்லைக் கவனிக்காமல் மிதித்துவிட்டாள். பள்ளத்தின் விளிம்பில் ஒரு புதரைப் பிடித்துத் தொங்கினாள். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டுப்போட்டு வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

திரும்பிய முதல் நாளே ஏதோ சரியில்லை. இரண்டு வருடமாக 'டா' போட்டுப் பழகிய பழைய ஷூவில், காய்ந்த சரளையில், விரல்கள் மடங்கின. வேரில் மடங்கின. தொழிற்சாலைப் படிக்கட்டில் மடங்கின. வீட்டுக் குளியலறையில் வெறுங்காலிலும் மடங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். விரல்கள் எதற்கெடுத்தாலும் மடங்கினால் அவை எதைத்தான் சொல்கின்றன? யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புது மாதிரி வந்தது. ரப்பர் கெட்டி. நகம் ஊன்றினால் பள்ளமே விழவில்லை. மற்றதைவிட இரண்டு மடங்கு உழைக்கும் என்றார்கள். சரளையில் நன்றாகப் பிடித்தது, சேற்றை உதறியது, கூரான கல்லை மிதித்தாலும் உள்ளங்காலுக்குத் தெரியவில்லை. பலகையில் மட்டும் அவள் விரல்கள் விரியவேயில்லை. ஆனால் பழைய ஷூவிலும் அதே கதைதானே? எதை நம்பி எழுதுவது? "இன்னும் ஒரு நாள் சார்" என்று சூப்பர்வைசரிடம் மூன்று முறை தவணை வாங்கிவிட்டாள்.

"ஏம்மா, மூணு பேரு போட்டுட்டாங்க. நீ ஒருத்திதான் பாக்கி. மலை ஓட்டத்துக்கு நானூறு ஜோடி போகணும். விழுந்தவங்களுக்கு எல்லா ஷூவும் வழுக்கத்தான் செய்யும். முடியலைன்னா சொல்லு, பேக்கிங்ல உக்காந்து பெட்டி மடிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்பதுதான் அவளுடைய நடுக்கம்.

வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. தையல் பிரிவில் வேலை செய்யும் அவள் தங்கை அந்த மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"முதல் நானூறுல எனக்கும் ஒரு ஜோடி உண்டுக்கா. நானே தச்சது!"

"அன்னிக்கு மழை வரும்ங்கிறாங்களேடி."

"வரட்டுமே. நீதானே பாத்துக் கையெழுத்துப் போடுவ? அப்புறம் எனக்கென்ன பயம்?"

நண்டு அக்கா பாதிச் சாப்பாட்டிலேயே போதும் என்று தட்டோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை மழை விட்ட கையோடு அவள் பின்வாசலுக்கு வந்தபோது காத்து அவள் காலைப் பார்த்துச் சிரித்தான். இடது காலில் பழைய ஷூ. வலது காலில் புது ஷூ.

"என்னக்கா, தூக்கக் கலக்கத்துல மாட்டிட்டு வந்துட்டீங்களா?"

அவள் குன்றுப் பாதையில் ஓடத் தொடங்கினாள். குன்றின் அடியில் சூப்பர்வைசர் குடையும் கையெழுத்துத் தாளுமாக நின்றிருந்தார். காத்தும் போய் அவர் பக்கத்தில் நின்றான்.

பலகையின் உச்சிக்கு வந்ததும் உடம்பை ஒருக்களித்துக்கொண்டாள். இடது காலை வைத்தாள். விரல்கள் மடங்கின. வலது காலை வைத்தாள். மடங்கின. மூன்றாவது அடி, நான்காவது அடி. இரண்டு காலும் ஒரே பாட்டைத்தான் பாடின. ஆகக் கோளாறு தன்னிடம்தான். கண்ணில் நீர் முட்டியது. கீழே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டி மடிக்கப் போய்விடலாம் என்று தோன்றியது.

ஆனால் அடுத்த அடி எடுத்து வைக்கத் தைரியம் வரவில்லை. அதனால் இடது காலில் முழு எடையையும் போட்டு அப்படியே நின்றாள். தண்ணீர் ஷூவைச் சுற்றிக்கொண்டு ஓடியது. எண்ணத் தொடங்கினாள். எட்டு எண்ணும்போது சுண்டுவிரல் நிமிர்ந்தது. பன்னிரண்டில் மற்றவையும் ஒவ்வொன்றாக விரிந்து ஷூவுக்குள் படுத்தன. "அப்படியே இருடா" என்றாள்.

எடையை வலது காலுக்கு மாற்றினாள். "நீங்களும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க." பன்னிரண்டு. இருபது. நாற்பது. விரல்கள் நகம் பதிய மடங்கியபடியே இருந்தன. மறுபடி இடது, பத்துக்குள் விரிந்தன. மறுபடி வலது. அறுபது எண்ணியபோது அந்த ஷூ, சத்தமில்லாமல், பள்ளத்தின் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது.

பாறையில் கை ஊன்றிக் குனிந்துகொண்டாள்.

"என்னம்மா, அங்கேயே குடியிருக்கப் போறியா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"வலது வேணாம் சார்." அவள் சத்தம் போட்டுப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

"உன் பயத்துக்கு ஷூ என்னம்மா பண்ணும்?"

"பயம் ரெண்டு காலுக்கும் இருக்கு சார். நழுவுறது ஒண்ணுதான்."

"நான் பறந்தே போயிட்டேன் சார், எனக்குத் தெரியலை" என்று காத்து தலையைச் சொறிந்துகொண்டே அவரிடம் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது.

சூப்பர்வைசர் தாளை ஆட்டினார். "கையெழுத்துப் போடமாட்டேன்னு எழுதிடவா? யோசிச்சுச் சொல்லு. மேல கேப்பாங்க. உன்னை எங்க போடுவாங்கன்னு எனக்கே தெரியாது."

"எழுதிடுங்க சார்."

அவர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். அவர் எழுதி முடிக்கிறவரை நண்டு அக்கா அசையவில்லை. பிறகு இடது காலில் நின்றபடியே குனிந்து, வலது ஷூவின் முடிச்சை அவிழ்த்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலை ஈரப் பாறைமேல் வைத்து, அடுத்த அடியை இறங்கினாள்.