காயாத இருக்கை

"உனக்கு ஏன் புள்ள இந்த விடுப்புக் கேள்வி? மிசின விக்கிறதுக்கு முதல் இருக்கையத் தொட்டுப் பாருங்க எண்டு ஒரு சொல் சொன்னன். தொட்டுப் பாத்தாச் சரி. ஏன், எதுக்கு எண்டு நோண்டிக்கொண்டு நிக்கிறாய்! கந்தோரில இதுக்குத்தான் சம்பளம் தாறாங்களா?"

பேத்தி விடுவதாக இல்லை. அவளுடைய தம்பியின் உழவு மிசின் போன கிழமை வாய்க்காலுக்குள் குப்புற விழுந்து, இப்போது முற்றத்தில் கால் முறிந்த மாடு மாதிரிக் கிடக்கிறது. திருத்துவதா, விற்பதா என்று வீட்டில் ஆளுக்கொரு வாய். நான் வெற்றிலை இடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டதா?

சரி, கேள். ராத்திரிக்குப் பயமென்று என் பாயில் வந்து படுக்காதே.

எனக்கு அப்போது பல் விழுந்து முளைக்கிற வயது. படுவான்கரையில், தண்ணீர் ஓரமாக எங்கள் வீடு. படித்தவர்கள் அதை வாவி என்பார்கள். எங்களுக்கு அது ஆறுதான். ஆற்றுத் தண்ணீர் உப்பு. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோ இளநீர் மாதிரி. இந்த ரெண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு கேட்பேன்.

எங்கள் வட்டையில், அந்த வயல்வெளி முழுக்கத் தேடினாலும், மிசின் வைத்திருந்தவர் என் அப்பா ஒருவர்தான். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய மிசின். அதைக் கொண்டு ஊராரின் வயலை உழுது, அறுவடைக்குப் பிறகு கதிரை மிதித்துக் கொடுத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தார்கள். அதற்கு முன் அப்பா ஒரு போடியாரின் வயலில் கூலிக்கு நின்றவர். அந்த நாள்களைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

கதிரைப் பரப்பி மிதித்து நெல்லைப் பிரிக்கிற இடம் களவெட்டி. அங்கே வாயைக் கட்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். நெல்லைப் பொலி என்றுதான் சொல்லலாம். முடிந்தது, இல்லை, காணாது, போதாது என்கிற சொற்கள் வரவே கூடாது. 'போ' என்று மாட்டைக்கூட அதட்டக் கூடாது. பூதம் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். யாருக்குச் சொன்ன சொல் என்று அது பார்ப்பதில்லை. போ என்றால் பொலியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் ஆட்கள் சாமியோடு கோபித்துக்கொண்டாலும் பூதத்தோடு கோபித்ததில்லை.

ஓர் அறுவடை நாள், உச்சிப் பொழுது. வைக்கோல் சக்கரச் சில்லில் சுற்றி மிசின் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, சில்லு நகரவில்லை. அப்பா இறங்கி வைக்கோலை இழுத்துப் பார்த்தார். மண்டை பிளக்கிற வெயில், வயிற்றில் பசி. பின் சில்லுக்கு ஓர் உதை விட்டுக் கத்தினார்: "போவன் சனியனே! போ!"

களவெட்டியில் நின்றவர்கள் அப்படியே விறைத்துப் போனார்கள். மிசின் போனது. மேலே ஒருவரும் இல்லை. ஆனாலும் குவித்து வைத்த பொலியில் சில்லுப் படாமல், தெரிந்தவர் ஓட்டுவது மாதிரி அழகாக வளைந்து, வரம்பை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் தலைகீழாக விழுந்தது. அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரனில் பாதி சில்லோடு போய்விட்டது. மிச்சச் சாரனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தை நான் ஊரெல்லாம் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் என் வாயில் ஒன்று போட்டாள். ஏன் அடித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

எருமைகளைக் கட்டித்தான் மிசினை வெளியே இழுத்தார்கள். மிசின் வந்த பிறகு வேலையில்லாமல் நின்ற எருமைகள். அன்றைக்கு அவற்றின் நடையே ஒரு தினுசாக இருந்தது.

கல்லடியில் பஸ் திருத்துகிற மாமா, அம்மாவின் அண்ணன், வந்து பார்த்தார்.

"எஞ்சின் வெடிக்கல்ல மச்சான். முன்னச்சு முறிஞ்சிட்டு, றேடியேட்டர் நசிஞ்சு ஓட்டை. சேத்தக் கழுவி எடுத்தா மாப்பிள்ள மாதிரி நிக்கும்."

"எனக்கு இருக்கிற ஒரு மாப்பிள்ளயே காணும் அண்ண" என்றாள் அம்மா. "அந்த மனிசன் உசிரோட இருக்கட்டும். வித்துப்போடச் சொல்லுங்க."

"வித்துப்போட்டு? திரும்பவும் போடியார்ர வாசல்ல போய்த் தலையச் சொறியவா?" என்றார் அப்பா.

திருத்தினால் அம்மாவுக்கு நித்திரை இல்லை. விற்றால் அப்பாவுக்கு முகம் இல்லை. மிசின் முற்றத்தில் கிடந்தது.

அந்தக் கிழமைதான் ஈரம் தொடங்கியது.

கச்சான் காற்று அடித்து ஓலை வேலி மொறுமொறுத்துக் கிடந்த காலம். மிசினின் இரும்பைத் தொட்டால் கை பொரியும். அந்த நடு வெயிலில் இருக்கையில் மட்டும் தண்ணீர் நிற்கும். யாரோ முழுகிவிட்டு, உடுப்பைப் பிழியாமல் வந்து உட்கார்ந்து, இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி. மிசின் நிழலில் படுத்த நாய் வேலிக்கரைக்கு மாறிவிட்டது. காகம் அந்தப் பக்கம் இறங்காது. அப்பா ஈரத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். "ஆளப் பாத்துக் குடுத்திருவம்" என்றார்.

எனக்கு விசயம் தெரியும். அப்பா சாப்பிட வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அம்மா கிணற்றில் அள்ளிய செம்போடு பூனை மாதிரிப் போய் இருக்கையில் ஊற்றுவதை நான் கண்டிருந்தேன். நான் கண்டதை அம்மாவும் கண்டாள். வாயில் விரலை வைத்துக் காட்டி, என் கையில் ஒரு துண்டுச் சர்க்கரையை வைத்தாள். அவள் அப்பாவைப் பயம் காட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே இருக்கிறவருக்குத் தாகம், அம்மா குடிக்கக் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்காமல் போனவர் யார்?

காத்தான்குடியில் இருந்து ஓர் இரும்பு வியாபாரி வந்தார். அப்பா அவரைக் காக்கா என்பார், அண்ணன் முறைக்கு. அன்றைக்கு அம்மா செம்பைத் தொடவே இல்லை. காலையிலேயே இருக்கையை அழுத்தித் துடைத்து, காய்ந்த சாக்கு ஒன்றைப் போட்டு மூடிவிட்டாள். ஈரம் அப்பாவுக்கு மட்டும்தானே; வாங்க வந்தவர் பயந்து ஓடினால் யார் வாங்குவது?

வியாபாரி சில்லைத் தட்டிப் பார்த்தார். முறிந்த அச்சைக் குனிந்து பார்த்தார். விலை வாயில் வந்துகொண்டிருக்கிற நேரம், சும்மா கை போன போக்கில் சாக்கைத் தூக்கினார்.

இருக்கை நிறையத் தண்ணீர். சாக்கு மட்டும் காய்ந்தபடியே இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்கு அந்த உயரமும் எட்டாது. அம்மாவின் முகம் அரிசிமா மாதிரி வெளுத்தது. அவளை அப்படி நான் கண்டதே இல்லை. சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

வியாபாரி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"ஆத்துத் தண்ணி" என்றார். பிறகு அப்பாவின் தோளில் கை வைத்து, மெதுவாக, "தம்பி, இரும்புக்கு நான் விலை சொல்லுவன். இருக்கிறவருக்கு என்னெண்டு சொல்ற?" என்றார். அம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் சைக்கிளை எடுத்தார்.

பின்னேரம் அந்த ஈரம் காய்ந்தபோது, இருக்கையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அம்மா ஊற்றிய நாள்களில் ஒன்றும் படிந்ததில்லை. ரெண்டு தண்ணீரையும் ஞாபகத்தில் வை என்றேனே, ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கதை ஆற்றுக்கு அக்கரையும் போய்விட்டது. பிறகு வாங்குவதற்கு ஒரு குஞ்சும் வரவில்லை. விற்க முடியாத மிசினைத் திருத்தத்தானே வேண்டும். அப்பாவின் துணிச்சல் என்று ஊர் சொன்னது. வேறு வழி இல்லை என்று எங்களுக்குத் தெரியும். மாமா வந்து கழற்றிப் பூட்டி, புது றேடியேட்டரும் போட்டுக் கொடுத்தார்.

அப்பா ஏறி உட்கார்ந்த அன்று அம்மா மிசினுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"அந்தச் சொல் மட்டும் இனி வேணாம். வா எண்டு கூப்பிடுங்க."

"மிசினையா?"

"ஆர் கேக்காங்களோ அவங்கள."

அப்பா சுற்றிவர ஒருதரம் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு, பெற்ற மகனைக் கூப்பிடுவது மாதிரி, "வா மனே, வா" என்றார். மிசின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்னுக்கு வந்து கோழிக்கூட்டை இடித்தது. மாமா கியரை மாறிப் போட்டுவிட்டதாக அப்பா கடைசிவரைக்கும் சொன்னார். கூப்பிட்டார், வந்தது, இதில் என்ன அதிசயம் என்பாள் அம்மா.

அதன் பிறகு அம்மா உச்சிப் பொழுதில் ஒரு கோப்பைக் கிணற்றுத் தண்ணீரை மிசின் பக்கத்தில் வைக்கத் தொடங்கினாள். இந்தமுறை ஒளிக்கவில்லை. இல்லாத ஒருவரை வீட்டுக்குள் கூப்பிட்டவள் அவள். வந்த பிறகு பார்க்காமல் விடலாமா? அப்பா வயது போய், சொந்தப் பாயில்தான் கண் மூடினார். அவர் மிசினில் புறப்பட்ட ஒவ்வொரு நாளும், திரும்பி வந்து அது ஓயும்வரைக்கும் அம்மா ஒருவாய் சோறு தின்றதில்லை. எனக்கு அது பசியில்லாத நோயாகத்தான் தெரிந்தது. கிழிந்த சாரனுக்கும் அந்தச் சோற்றுக்கும் உள்ள தொடர்பு, எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்து, அவரும் மிசின் ஓட்டப் புறப்பட்ட பிறகுதான் விளங்கியது.

இருக்கை சில நாள்களில் ஈரமாகத்தான் இருக்கும். அண்டை அயல் பெண்கள் வேலிக்கு மேலால் கேட்டால், "றேடியேட்டர் ஒழுகுது" என்பாள் அம்மா. நானும் பெரிய மனுசி மாதிரி அதையே சொல்லித் திரிந்தேன். றேடியேட்டர் முன்னுக்கு இருக்கிறது, இருக்கை பின்னுக்கு இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

பேத்தி சிரித்துக்கொண்டே எழும்பி முற்றத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. ஒரு விரலை மட்டும் தனியாக நீட்டிப் பிடித்திருந்தாள்.

"நீங்கதானே அம்மம்மா ஊத்தின?"

"இந்த முழங்காலோட நான் படி இறங்கி எத்தின மாசம்? நாக்கில வெச்சுப் பார் புள்ள."

அவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, என்ன சத்தம் என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லகா" என்றேன். "றேடியேட்டர் ஒழுகுது."