அறுபத்து நாலு என்று அக்கா படித்தாள்

விழித்திரை கழன்று அறுவை சிகிச்சை ஆனபிறகு, பத்து நாள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணுக்குள் நிரப்பிய வாயுக்குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க அதுதான் வழி. இடது கண் எனக்குச் சிறு வயதிலிருந்தே மங்கல். வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. வலது கண்ணை நம்பித்தான் படித்தேன், கல்லூரியில் கணிதப் பேராசிரியரானேன். அந்தக் கண்தான் இப்போது துணிக்கட்டுக்குள் இருந்தது. பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். “குமிழி கரையட்டுங்க, பார்ப்போம்” என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

மனைவிக்கு விடுப்பு தீர்ந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், அரிமளத்தில் அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா அங்கன்வாடிப் பணியாளர். காலையில் எனக்கு இட்லியை விண்டு ஊட்டிவிட்டுப் போனால் மாலை நாலு மணிக்குத்தான் வருவாள்.

நாலாம் நாள் என் ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் அளந்து, நிலத்தடியில் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று கணக்கிடுபவள். அந்தக் கணக்குக்கு வேண்டிய நிரல் நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பை, கல்லூரிக் கணினியில் பராமரித்து வந்தவன் நான்.

“சார், கம்பைல் ஆயிருதுங்க சார். ஆனா டெஸ்ட்டு ஓட்டுனா ஒடனே நின்னுருது. ஒரு வாரமாப் பாத்துட்டேன். கடைசி அத்தியாயத்துக்கு இது வேணும் சார். நீங்க ஒடம்பப் பாருங்க, சொல்லி வைக்கலாம்னுதான்…”

அவள் மேல் தவறில்லை. எந்த நிரலை எதோடு இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் கட்டமைப்புக் கோப்புகள் எல்லாம் நான் எழுதியவை. எதை ஏன் அப்படி வைத்தேன் என்று ஒரு வரிகூட எங்கும் குறித்து வைக்கவில்லை. கண் இருக்கும் என்ற நினைப்பு.

கணினி எழுதியிருந்த பதிவுகளை அவள் அனுப்பினாள். அவற்றைப் போனையே படிக்கச் சொன்னேன். அந்த இயந்திரக் குரல் புள்ளியையும் கோட்டையும் விழுங்கிவிட்டு ஓடியது. அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள்.

“என்னடா அது, இப்படிக் கத்துது? இங்கிட்டு குடு, நான் படிக்கிறேன்.”

“ஒனக்குப் புரியாதுக்கா.”

“புரியணுமா, படிக்கணுமா?”

தினமும் பிள்ளைகளின் எடையும் உயரமும் செயலியில் ஏற்றுகிறவள். ஆங்கில எழுத்து அவளுக்குப் புதிதில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். சாய்ந்த கோடு, அடிக்கோடு, புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் அவளே பேர் வைத்துக்கொண்டாள். முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் மாலை பாதியில் நிறுத்தினாள்.

“தம்பி, மேல ஒரு பேருக்குப் பின்னாடி அறுபத்து நாலுன்னு போட்டிருக்கு. கீழ டெஸ்ட்டுங்கிற எடத்துல அதே பேரு, அறுபத்து நாலக் காணோம். ரெண்டும் ஒண்ணுதானா?”

நான் எழப் போனேன். “எந்திரிக்காத!” என்று முதுகில் கை வைத்து அமுக்கினாள்.

இரண்டும் ஒன்றில்லை. மேட்ரிக்ஸ் எனும் அணிக் கணக்குகளைச் செய்யும் துணை நூலகம் அந்தக் கணினியில் இரண்டு வடிவத்தில் இருந்தது. ஒன்று முழு எண்களை முப்பத்திரண்டு பிட்டில் வைக்கும், இன்னொன்று அறுபத்து நான்கில். எங்கள் நூலகம் ஒன்றோடும் சோதனைகள் மற்றொன்றோடும் இணைந்திருந்தன. உள்ளே இருக்கும் பேர்கள் ஒன்றாக இருந்ததால் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் குறை சொல்லவில்லை. ஓடும்போது ஒன்று அனுப்பிய எண்ணை மற்றது தப்பாகப் படித்து அப்படியே நின்றது. கண் கெடுவதற்கு முந்தைய வாரம், அவசரத்தில், பழைய கட்டமைப்பு இருந்த ஃபோல்டரின் மேலேயே புதியதை ஏற்றியிருந்தேன். பழைய துணை நூலகத்துக்கான பாதை அதன் நினைவுக் கோப்பில் தங்கிவிட்டது.

அந்த ஃபோல்டர் கல்லூரிக் கணினியில் என் பயனர் கணக்கில் இருந்தது. மாணவியால் தொட முடியாது. அக்காவை என் மடிக்கணினியைத் திறந்து கல்லூரிக் கணினியோடு இணைக்கச் சொன்னேன். அதை அழிக்கும் கட்டளையைச் சொல்லத் தொடங்கினேன். ஓர் இடைவெளி தவறினால் பக்கத்திலிருக்கும் கிணற்று அளவுகளும் போய்விடும் என்று எச்சரித்தேன். அவள் கை நின்றது.

“அழிக்காம பேர மாத்தி வச்சா ஆகாதா? நாங்க அங்கன்வாடில பழைய ரிஜிஸ்டரத் தூக்கிப் போட மாட்டோம்.”

ஆகும். இத்தனை வருடம் கணினியோடு இருந்த எனக்குத் தோன்றவில்லை. பேரை மாற்றினாள். புது ஃபோல்டரில், இரண்டு இடத்துக்கும் ஒரே துணை நூலகம் என்று வெளிப்படையாக எழுதவைத்து, கட்டமைப்பை முதலிலிருந்து தொடங்கினோம். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. அரை மணி நேரமாவது ஆகும் என்றேன்.

மடிக்கணினியைத் தரையில் வைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“பயமா இருக்காடா?” என்றாள்.

எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. எல்லோரிடமும் இல்லை என்றே சொல்லி வந்தேன். “இருக்குக்கா” என்றேன். தலையணை நனைந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று அவள் பதறி முந்தானையால் கன்னத்தை ஒற்றினாள். பயப்படாதே என்று அவள் சொல்லவில்லை. “எனக்குந்தான்” என்றாள்.

சோதனைகள் ஓடின. ஒவ்வொன்றையும் வாசித்தாள்: பாஸ், பாஸ், பாஸ். பிறகு குரல் இறங்கியது. “ரெண்டு மட்டும் ஃபெயிலுன்னு வருதுடா.” எவை என்று கேட்டேன். தசம இடத்தில் சிறு வித்தியாசம் வந்து எப்போதும் தோற்கிறவை. “அது பரவால்லக்கா, முடிஞ்சுருச்சு” என்றேன். அவளுக்கு அந்த இரண்டில் திருப்தியே இல்லை.

மாணவி அன்றே தன் கணக்கை ஓட்டினாள். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான். ஒவ்வொரு படியையும் ஏன் என்பதோடு எழுதி வைக்கிறாள்.

குமிழி கரைந்தபின் டாக்டர் கட்டைப் பிரித்து, விரல்களை நீட்டி எத்தனை என்றார். மூன்று என்றேன். நடுவிரல் வளைந்து தெரிந்தது. நேர்கோடுகள் இனி அப்படித்தான் இருக்கும், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படிக்கலாம் என்றார். வெளியே காத்திருந்த அக்காவிடம் போய், “தெரியுதுக்கா, முழுசா இல்ல” என்றேன். “பரவால்லடா” என்று கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.