ஒன்பது மணிக்கு வாசல் வழியாக

வழுதக்காட்டில் ஒரு ஆபீசில் பதினோரு வருஷம் கட்டட பிளான் வரைந்தேன். அதை விட்டுவிட்டு, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் கம்ப்யூட்டரைப் போட்டுச் சொந்தமாக வரையத் தொடங்கினேன். ஆபீசுக்குப் போகாதவளுக்கு வேலையே இல்லை என்று எங்கள் தெரு முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அடுத்த வீட்டு மாமிக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் நான் வாங்கி வைக்க வேண்டும். எதிர்வீட்டு மாமாவுக்கு ஆதாரில் விலாசம் மாற்ற வேண்டும். கீழேயிருந்து மாமியார், "ஆத்துலதானே இருக்கே, இந்தத் தேங்காயைத் துருவித் தரப்படாதோ?" என்பாள். எல்லாம் பத்து நிமிஷ வேலைதான். அந்தப் பத்துப் பத்து நிமிஷங்கள் என் பகலைத் தின்று தீர்த்தன. கரமனையில் ஒரு வீட்டு பிளானை நான்கு நாள் தாமதமாகக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர் அப்புறம் என் போனை எடுக்கவே இல்லை.

மாசக் கடைசிவரை என் இடம் காலியாக இருக்கும் என்று பழைய ஆபீசிலிருந்து செய்தி வந்தது. கையில் மிச்சமிருந்தது ஒரே வேலை. கல்லாற்றில் ஆற்றோரமாகத் தங்கும் விடுதி கட்ட நினைத்த ஒருவருக்கு மூன்று குடில்களின் பிளான். அதுவும் தவறினால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பழைய இடத்துக்கே போக வேண்டும்.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு காலை வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். எங்கள் தெருவில் பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அரை மணிக்குள் ஆறு பேர் பதறிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஒரு மாமி பிளாஸ்க்கில் காப்பியோடு. வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று நம்பவைப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

அந்தக் கோபத்தில்தான் வழி தோன்றியது. வெளியே கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் வீட்டுப் பயம். வீடே பற்றி எரிந்தாலும் மாமியார் கூப்பிட மாட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கஞ்சி போட்ட காட்டன் புடவை, கைப்பை, டிபன் டப்பா. "போயிட்டு வரேம்மா" என்று உரக்கச் சொல்லி வாசல் வழியாக இறங்கினேன். தெருமுனைவரை நடந்து, பின்சந்தில் திரும்பி, கொல்லைக் கதவு வழியாக மாடியேறினேன். மாமியார் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சாயங்காலம் வாசல் வழியாக நுழையும்வரை நான் வெளியே போனவள்தானே!

ஐந்து மணிக்கு அதே போலச் சுற்றி வீடு திரும்பினேன். "எந்தா, பஸ் கிட்டித்தா?" என்று எதிர்வீட்டு மாமா மலையாளம் கலந்து கேலி செய்தார்.

"ஒரே கூட்டம் மாமா, நின்னுண்டேதான் போனேன்" என்றேன்.

நாலாம் நாள் மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். மாமியார் கடிகாரத்தைப் பார்த்தாள். "என்னடி, இன்னிக்கு அரை நாள் லீவா?" தண்ணீர் குடிக்காமலே மேலே ஓடினேன்.

சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பே பிளான் முடிந்தது. அதை வாங்கக் கல்லாற்றுக்காரர் நல்ல மழையில் நேரிலேயே வந்தார். வாசலில் நடந்த பேச்சு மாடி ஜன்னலில் கேட்டது.

"மேடம் இருக்காங்களா அம்மே?"

"அவ ஆபீஸ் போயிருக்காளே" என்றாள் மாமியார்.

கெடுத்துவிட்டாளே என்று எழுந்து ஓடுவதற்குள் அவளே தொடர்ந்தாள். "தெருமுனையில எடது பக்கமா திரும்பினா ஒரு சந்து. அதுல மூணாவது கதவு. அங்கதான் ஆபீஸ்."

"இந்த வழியே போகக் கூடாதா?"

"இது வீடு சாரே."

பாவம், அந்த மனிதர் குடையோடு தெருவைச் சுற்றி, முழங்கால்வரை நனைந்து என் கொல்லைக் கதவைத் தட்டினார். பிளானை விரித்து நெடுநேரம் பார்த்தார். சாப்பாட்டுக் கூடம், வரவேற்பறை என்று விடுதியின் மிச்ச வேலை அத்தனையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். பழைய ஆபீசுக்குப் போன் செய்து, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கப் போவதில்லை.

ஐந்து மணிக்கு வாசல் வழியாக வந்தேன். மாமியார் காப்பி டம்ளரை நீட்டி, "ஆபீஸ்ல என்ன சமாசாரம்?" என்றாள்.

பதினோரு வருஷம் வழுதக்காட்டிலிருந்து திரும்பியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவள் இதைக் கேட்டதில்லை.